சிவப்புக் கவுனில் இரண்டு பாக்கெட்

எசென்குல் எதற்கும் "ம்" என்றுதான் சொல்வான். டீ வேண்டுமா என்று கேட்டால் ம். தோலோன் கணவாயில் பனி எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் ஒரு ம், பிறகு முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவான். பெண்டாட்டி இருந்த காலத்தில் இது ஒரு குறையாகவே யாருக்கும் தெரியவில்லை. அவன் ஒரு "ம்" போட்டால் அஸில்குல் அதன் மேல் பத்து வாக்கியம் அடுக்கிவிடுவாள். கேட்கிறவர்கள் பத்தையும் எசென்குலே சொன்னதாக எடுத்துக்கொண்டு போவார்கள். அவள் போன பிறகுதான் அந்த "ம்" துணையில்லாமல் தனியாக ஊருக்குள் நடமாட ஆரம்பித்தது.

நாற்பத்தொரு வயது. நாரின் நகரத்துக்கு வடக்கே காரா-புலுங் என்கிற சின்ன ஊர். சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான், பதினேழு வருஷமாக. எட்டு வருஷத்துக்கு முன்னால் கணவாயின் உச்சியில் வண்டி நின்றுபோய் ஒரு நாள் முழுக்க அதிலேயே கிடந்ததில் இடது காலில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. டாக்டர் வெட்டவில்லை. விரல்கள் இருக்கின்றன, ஆனால் இருப்பது தெரியாது. காலையில் காலுறை மாட்டும்போது கைக்கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பான். ஒன்றும் தெரியாது. காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

போன வருஷம் அக்டோபர் கடைசியில் அஸில்குல் சிறுநீரகக் கோளாறில் இறந்தாள். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு அவளை உள்ளே கிடத்தினார்கள். பெண்கள் உள்ளே இருந்து ஒப்பாரி சொன்னார்கள். ஆண்கள் வெளியே வரிசையாக நின்று, கம்பு ஊன்றிக் குனிந்து, தெருமுனையில் வருகிறவர்கள் காதில் விழும்படி வாய்விட்டு அழவேண்டும். அதில் புருஷன் குரல் தனியாகக் கேட்கவேண்டும். எசென்குல் கம்பைப் பிடித்தான், குனிந்தான், வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. குளிரில் விடிய விடிய நின்ற டீசல் வண்டியைச் சாவி போட்டுத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லாமல் கிடக்குமே, அப்படி. பக்கத்தில் நின்ற சித்தப்பா மகன்கள் அவன் பங்கையும் சேர்த்து அழுதார்கள். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் போய் "கல்லுப்பா அவன்" என்றார்கள். அது அவன் காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம். வண்டி ஓட்டினான், சாப்பிட்டான், தூங்கினான். உப்பு அதிகமா குறைவா என்று மகள் கேட்டால் "ம்" என்றான்.

மகள் பெயர் புருல். பன்னிரண்டு வயது. அடுத்தது பையனாகத் திரும்பட்டும் என்று பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர். அடுத்தது வரவே இல்லை. எல்லாவற்றுக்கும் இவள்தான். பசு மாட்டைக் கறப்பது, முப்பத்தொரு ஆடுகளை ஓட்டிப்போய்க் கொண்டுவருவது, வறட்டி அடுக்குவது, அப்பாவுக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக்கொடுப்பது. இத்தனைக்கும் அவள் போட்டுக்கொண்டது ஒரே ஒரு உடுப்புதான். சாலைத் துறையில் அவனுக்குக் கொடுத்த பஞ்சு வைத்த சாம்பல் நிறப் பேன்ட், பழசு. அம்மாவின் தையல் மெஷினை எடுத்து வைத்து, இரண்டு பக்கமும் நாலு விரல் பிடித்துத் தைத்து, காலை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். அதில் ஆறு பாக்கெட். கத்தி ஒன்றில், சணல் கயிறு ஒன்றில், தீப்பெட்டி, ஆட்டுக்குப் போடும் மருந்துப் புட்டி, காய்ந்த தயிர்க்கட்டி கைநிறைய. ஆறாவது பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பாவாடை போட்டுத்தான் வரவேண்டும் என்று டீச்சர் சொன்னபோது பேன்ட்டுக்கு மேலேயே பாவாடையைப் போட்டுக்கொண்டு போனாள். 

ஆகஸ்டில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மம்பெத்தாலி போன் செய்தார். அஸில்குலின் அண்ணன், புருலுக்குத் தாய்மாமன். அங்கே சொந்த வீடு, கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் தொழில். எசென்குல் அப்போது வண்டிக்கு அடியில் படுத்து ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"மாப்பிள்ளை, ஆஷ் விருந்து முடிஞ்சதும் புருலை நான் கூட்டிட்டுப் போயிடறேன். இங்க நல்ல ஸ்கூல் இருக்கு. என் வீட்டுக்காரிக்கும் ஆசை, எங்களுக்கு ரெண்டும் பையனுங்க. நீ பாதி நாள் மலை மேல. புள்ள தனியா ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவுல கிடக்குது. நான் சொல்றது தப்பா?"

"ம்."

"தப்புங்கிறியா, சரிங்கிறியா?"

"ம்."

"சரி. அப்ப அதுதான் முடிவு. பனி விழறதுக்குள்ள வரேன்."

ஆஷ் என்பது இறந்து ஒரு வருஷம் ஆனதும் குதிரை அறுத்து, ஊரையும் உறவையும் கூட்டிப் போடுகிற விருந்து. அன்றைக்குக் கடைசியாக ஒரு முறை அழுது தீர்த்துவிட்டு, வீட்டுப் பெண்களின் கறுப்பைக் கழற்றுவார்கள். அதுவரைக்கும் அந்த வீட்டுக்குள் பளிச்சென்ற துணி நுழையக்கூடாது.

விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எசென்குலின் அக்கா ஜூராகான் வந்து பட்டியல் போட உட்கார்ந்தாள். மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். கை வேலை செய்யும்போதும் வாய் நிற்காது. எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ மாவு என்று போய்க்கொண்டிருந்த பேச்சில் போன் விஷயம் வந்தது.

"ம்முன்னா சொன்னே?"

"ம்."

"அடேய், சந்தையில ஒரு மாட்டை விக்கறதுக்கே அரை நாள் ஒருத்தன் கையை ஒருத்தன் புடிச்சுக்கிட்டு நிக்கறோம். பெத்த பொண்ணை ஒரு 'ம்'முல தூக்கிக் குடுத்துட்டியா?"

அவன் டீக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அவளை அனுப்பணும்னு இருக்கா உனக்கு?"

எசென்குல் மனசுக்குள் போய்த் தேடிப் பார்த்தான். புருல் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தான். அடுப்பு, ஜன்னல், ஆணியில் தொங்காத அந்தப் பேன்ட். வலிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வாய் "வேண்டாம்" என்றது. எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது.

"அப்ப நான் சொல்றதைக் கேளு. மச்சான் வந்து இறங்கும்போது இவ உன் பேன்ட்டைப் போட்டுக்கிட்டு வறட்டிக் கூடையோட நின்னான்னு வை, ஊரே சேர்ந்து மூட்டை கட்டிக் குடுத்துடும். அன்னிக்குத்தானே கறுப்பை எடுக்கறோம். பளிச்சுனு ஒரு கவுனைப் போட்டு நிக்கட்டும். இந்தப் புள்ளைக்கு ஒரு ஆள் இருக்குன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்."

"நீயே வாங்கிட்டு வந்துடேன்க்கா."

"நான் வாங்கினா அத்தை வாங்கினதா ஆகும். நீ போ."

மறுநாள் காலையில் புருல் மாட்டுக் கொட்டகையிலிருந்து வாளியோடு வந்தாள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றான்.

"நாரின் போறேன். உனக்கு எதாவது..."

"ரப்பர் பூட்ஸ். வலது காலுல தண்ணி ஏறுது. முப்பத்தேழு."

"துணி?"

"துணி எதுக்கு? இது நல்லாத்தானே இருக்கு." தொடையில் இருந்த பாக்கெட்டைத் தட்டிக் காட்டினாள்.

"ஆஷ் அன்னிக்குப் போட. அத்தை சொல்றா."

புருல் யோசித்தாள். "எதுவா இருந்தாலும் பாக்கெட் இல்லாததை வாங்கிட்டு வராதப்பா. கத்தியைக் கையில புடிச்சுக்கிட்டுத் திரிய முடியாது."

நாரின் கடைத்தெருவில் குழந்தைகள் துணி முதல் வரிசை. மேலே கயிறு கட்டிக் கவுன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளை, ரோஸ், இளநீலம். எல்லாம் வலைத்துணி, சோப்பு நுரை மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தொட்டான். நகத்தில் மாட்டிக்கொண்டது. கடைக்காரப் பெண் விரல் நுனி வெட்டிய கையுறை போட்டிருந்தாள்.

"எத்தனை வயசுண்ணே?"

"பன்னெண்டு."

"உயரம்?"

சட்டையின் இரண்டாவது பட்டனைத் தொட்டுக் காட்டினான்.

"ஒல்லியா, பூசினாப்லயா?"

அதை எப்படிச் சொல்வது என்று நின்றான். "என் பேன்ட்டை ரெண்டு பக்கமும் நாலு விரல் புடிச்சா சரியா இருக்கு."

"உங்க பேன்ட்டை நான் எங்கண்ணே பாத்தேன்?" பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். எசென்குல் சிரிக்கவில்லை. நுரைக்குள் கையை விட்டு, பக்கத்துத் தையலைத் தடவிக்கொண்டே போனான்.

"என்னத்தைத் தேடறீங்க?"

"பாக்கெட்."

"கவுன்ல ஏதுண்ணே பாக்கெட்? இளவரசி மாதிரி நிக்கற துணி இது. இளவரசி பாக்கெட்ல என்னத்தை வைக்கப்போறா?"

"கத்தி."

அவள் ஒரு தரம் அவனைப் பார்த்துவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு குதிரை ஏறலாமா?"

"ஏறலாம்ணே. குதிரை சம்மதிச்சா."

ஆறு கடை ஏறி இறங்கினான். ஒன்றில் பாக்கெட் மாதிரி ஏதோ இருந்தது, ஆனால் மேலே மடிப்பு மட்டும்தான், உள்ளே தைத்து மூடியிருந்தது. அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வேலை செய்தவன் ஏன் உள்ளே ஒரு பை வைக்கவில்லை என்பது விளங்கவில்லை.

வரிசை முடிந்து திரும்பினால் பெண்கள் துணி. அங்கேதான் அந்தச் சிவப்புக் கவுன் தொங்கியது. கனமான பருத்தி, உள்பக்கம் பூனை முடி மாதிரி மெத்தென்று. சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அடிப்பக்கம் அகலம், காலைத் தாராளமாக அகட்டலாம். இரண்டு பக்கமும் பாக்கெட், பொய் பாக்கெட் இல்லை, மணிக்கட்டு வரைக்கும் போகிற பாக்கெட். இருப்பதிலேயே சின்ன அளவு. சட்டையின் இரண்டாவது பட்டனுக்கு ஒரு சாண் கீழே, அவள் தோள் வரும் இடத்தில் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே வந்தது. ஒரு வருஷம் வளர இடம் இருக்கும்.

கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும், நட்டுத் திருகும் கொறடு ஒன்றை எடுத்து கவுனின் பாக்கெட்டுக்குள் போட்டு, தோளைப் பிடித்து நாலு உதறு உதறினான். தையல் தாங்கியது.

"கொறடு வெச்சுத் துணியைச் சோதிச்ச ஆளை இன்னிக்குத்தாண்ணே பாக்கறேன்." கடைக்காரி நூர்ஜமால் என்பவள், வாய் நிறையப் பேச்சு. "தையல் பிரியாது, என் பொறுப்பு. யாருக்கு, வீட்டுக்காரிக்கா?"

எசென்குல் இன்னொரு பாக்கெட்டில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். "ம்."

"குடுத்து வெச்சவ. எந்த ஊரு?"

"காரா-புலுங்."

"அட, என் தங்கச்சி அங்கதான் வாழ்க்கைப்பட்டிருக்கா. பால் எடுக்கற வீட்டுக்குப் பக்கத்துல. உங்க பேரு?"

"எசென்குல்."

"பனி வண்டி எசென்குலா?"

"ம்."

நூர்ஜமால் அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். காசை வாங்கிக்கொண்டாள். மடித்துத் தருகிறேன் என்று கை நீட்டினாள். அதற்குள் அவன் தார்ப்பாயைச் சுருட்டுவதுபோலக் கவுனைச் சுருட்டிப் பைக்குள் அமுக்கிவிட்டிருந்தான்.

அன்று மத்தியானமே கணவாயில் பனி இறங்கிவிட்டது. கடைத்தெருவில் இருக்கும்போதே அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே மேலே போனான். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தான். சிவப்புத் துணியை நாளுக்கு முன்னால் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. பையை வண்டிக்குள் கொக்கியில் மாட்டினான். அது எட்டு நாள் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. மேலே போன் எடுக்காது. அவ்வப்போது அதைப் பார்ப்பான். தனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா என்று பார்ப்பான். பை ஆடிக்கொண்டிருக்கும். ஒரு போல்ட்டைப் பிடிக்கக் கொறடு தேடினான், காணோம். கடைத்தெருவில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஏழாவது நாள் மேலதிகாரி ஜீப்பில் வந்தபோது எசென்குல் இறங்கிப் போய் நின்றான்.

"ஒரு வாரம் மேல, ஒரு வாரம் கீழன்னு போட்டுக் குடுங்க."

"பதினேழு வருஷத்துல நீ எதுவும் கேட்டதில்லையேப்பா. சம்பளம் குறையும்."

"ம்."

"எழுதிக் குடு, போட்டுத் தரேன்."

அந்த எட்டு நாளில் ஊரில் நடந்தது வேறு. நூர்ஜமாலின் தங்கை முதல் நாள் சாயந்திரமே பால் ஊற்ற வந்தவர்களிடம் சொல்லிவிட்டாள்: பெண்டாட்டி செத்து வருஷம் முடியவில்லை, எசென்குல் சிவப்புக் கவுன் வாங்கியிருக்கிறான், வீட்டுக்காரிக்காம். இரண்டாம் நாள் அந்த வீட்டுக்காரி கொச்கோர் ஊர்க்காரி ஆனாள். நாலாம் நாள் அவளுக்கு இருபத்தெட்டு வயதும் பேங்க் வேலையும் கிடைத்தன. கவுன் வீட்டுக்கே வரவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, அவளிடம் நேரே கொடுத்துவிட்டுத்தான் மலைக்குப் போனான் என்று பதில் வந்தது. பிஷ்கெக்குக்கு யார் போன் செய்தார்கள் என்பது தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி புருலிடம் "உனக்குப் புது அம்மா வராங்களாமே, எங்களுக்கெல்லாம் மிட்டாய் உண்டா?" என்று கேட்டாள். புருல் வீட்டுக்கு வந்து மாட்டைக் கறந்தாள்.

ஆஷ் அன்று காலையில் எசென்குல் இறங்கி வந்தான். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் நின்றது. மூன்று அண்டாவில் குதிரைக் கறி கொதித்தது. ஜூராகான் வாசலிலேயே மறித்தாள்.

"யாருடா அவ?"

"எவ?"

"கொச்கோர்க்காரி."

"எந்தக் கொச்கோர்க்காரி?"

"பேங்க்ல வேலை பாக்கறவ."

"எனக்குப் பேங்க்ல யாரையும் தெரியாதுக்கா."

"அப்ப சிவப்புக் கவுன் யாருக்கு வாங்கினே?"

"புருலுக்கு. நீதானே வாங்கச் சொன்னே."

"பொம்பளைங்க கவுனாம்ல அது."

"அதுலதான் பாக்கெட் இருந்துச்சு."

 ஜூராகான் கரண்டியைப் பிடித்த கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "போ உள்ள. மச்சான் வந்தாச்சு. சக்கரம் வெச்ச பெட்டி கொண்டாந்திருக்காரு, காலிப் பெட்டி. உன் பொண்ணு அதுல துணி அடுக்கிட்டிருக்கா. நான் சொன்னா நம்பமாட்டாங்க, தம்பியைக் காப்பாத்தறேம்பாங்க. நீயே வாயைத் திற."

உள் அறையில் புருல் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அதே பேன்ட். பெட்டியில் புத்தகங்களும் இரண்டு சட்டையும். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆடு முப்பத்தொண்ணு. நொண்டி ஆட்டுக்கு மருந்து அடுப்புக்கு மேல இருக்கு, காலையில மட்டும். பசுவை இருட்டறதுக்கு முன்னாடி கறந்துடணும், இல்லேன்னா உதைக்கும். அவங்களுக்குக் கறக்கத் தெரியுமா?"

"யாருக்கு?"

"வரப்போறவங்களுக்கு."

எசென்குல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லவேண்டியது நெஞ்சுக்குள் எங்கேயோ இருந்தது. அதை எடுக்கிற கைதான் வரவில்லை. அப்போது முன் அறையிலிருந்து மம்பெத்தாலி கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, இங்க வா. நீயும் வாம்மா."

கீழே விரித்த துணி மேல் ரொட்டியும் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகளும் குவிந்திருந்தன. ஐந்தாறு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மம்பெத்தாலி கண் வீங்கியிருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தவர் மாதிரி இருந்தார். மடியில் ஒரு அட்டைப் பெட்டி. திறந்து வெள்ளை வலைக்கவுன் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"புருல், இது மாமா வாங்கினது."

அது பெட்டியை விட்டு வெளியே வந்ததும் இரண்டு மடங்கானது. புருல் மரியாதையாக வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, உனக்குப் புதுசா யாரும் வரக்கூடாதுன்னு நான் சொல்லலை. வாழவேண்டிய வயசு. ஆனா என் தங்கச்சிக்கு இன்னிக்குத்தான் வருஷம். அதுக்குள்ள சிவப்பு கேக்குதா உனக்கு?"

எல்லோரும் எசென்குலின் வாயைப் பார்த்தார்கள். அதில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் பையை விரிப்பின் மேல் வைத்தான்.

மம்பெத்தாலி சுருட்டியிருந்த துணியின் ஒரு முனையைப் பிடித்து, தொடவே பிடிக்காதவர்போல ஒரு உதறு உதறினார். கவுன் அவிழ்ந்தது. பாக்கெட்டிலிருந்து கறுப்பாக ஏதோ வந்து போர்சோக் குவியலின் நடுவில் விழுந்தது. இரண்டு போர்சோக் விரிப்பில் உருண்டன.

"என்ன இது?"

"அப்பாவோட கொறடு" என்றாள் புருல்.

"இங்கதான் இருக்கா," என்றான் எசென்குல். "எட்டு நாளா தேடறேன்."

ஓரத்தில் இருந்த பெரியவர் ஒருவர் இருமினார், இருமல் சிரிப்பாகப் போனது. "கொறட்டோட சீர் செய்யற மாப்பிள்ளையை நான் பாத்ததில்லப்பா."

"சின்னப் புள்ளைங்க கவுன் எதுலயும் பாக்கெட் இல்ல மச்சான். ஆறு கடை பாத்தேன். கத்தி வைக்க இடம் வேணும்னு சொன்னா. கொறடு தாங்கினா கத்தி தாங்கும்." எசென்குல் நிறுத்தினான். ஒரு வருஷத்தில் இவ்வளவு நீளமாக அவன் பேசியதில்லை. தன் குரலை யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டான். "கொச்கோர்க்காரி யாரும் இல்ல. கடையில அந்தம்மா என்ன கேட்டாங்கன்னு நான் கவனிக்கலை. நீங்க போன்ல கேட்டதுக்கும் நான் சரின்னு சொல்லலை. காதுல விழுந்துச்சுன்னுதான் சொன்னேன்."

"இப்ப என்ன சொல்றே?"

"அனுப்பமாட்டேன்."

மம்பெத்தாலி விட்டுவிடவில்லை. கேட்கவேண்டியதைத்தான் கேட்டார். "சரி. குளிர்காலம் பூரா நீ மேல கிடப்பே. புள்ள கூட யாரு இருப்பா?"

"ஒரு வாரம் மேல, ஒரு வாரம் கீழ. எழுதிக் குடுத்தாச்சு. மேல போற வாரம் அக்கா வீட்டுல படுப்பா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டானா பாருங்க" என்றாள் வாசல்படியில் நின்ற ஜூராகான். "படுக்கட்டும். வேற எங்க படுப்பா?"

மம்பெத்தாலி மருமகளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

புருல் சிவப்புக் கவுனை எடுத்து இரண்டு பாக்கெட்டிலும் கையை விட்டு நின்றாள். மணிக்கட்டு வரை உள்ளே போனது.

"பெட்டியில வெச்சதை எடுத்துடட்டுமா மாமா?"

 "பெட்டி உனக்கே இருக்கட்டும். கோடை லீவுக்கு அதுல போட்டுக்கிட்டு வா" என்றார். விரிப்பில் உருண்ட போர்சோக்கை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி குவியலில் வைத்தார். எசென்குல் அதைப் பார்த்தான். அவருடைய தங்கையும்தான் செத்துப்போனாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

மத்தியானம் கடைசி அழுகை. பெண்கள் கூடாரத்துக்குள் பாடினார்கள். ஆண்கள் வெளியே வரிசையாகக் கம்பு ஊன்றினார்கள். மம்பெத்தாலி பெருங்குரலில் தங்கையின் பேரைச் சொல்லி அழுதார். பக்கத்தில் எசென்குல் குனிந்தான், வாயைத் திறந்தான். இந்தத் தடவையும் ஒன்றும் வரவில்லை. குளிர்க் காற்றுதான் உள்ளே போனது. அப்படியே நின்றான்.

பாட்டு நின்றது. உள்ளே பெண்கள் புருலின் தலையிலிருந்து கறுப்பை எடுத்து, பூப்போட்ட துணியைக் கட்டி அனுப்பினார்கள். சிவப்புக் கவுன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அதற்கும் கீழே சாம்பல் நிறப் பேன்ட், அதற்கும் கீழே ஓட்டை பூட்ஸ். இரண்டு பாக்கெட்டும் அதற்குள்ளாகவே புடைத்திருந்தன. ஊர்ப் பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். "வளந்துட்டாடி" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான்.

புருல் நேரே அப்பாவிடம் வந்தாள். அவன் இன்னும் கம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடியே நின்றான்.

"வாயை மூடிக்கப்பா. குளிர் உள்ள போயிடும்."

பாக்கெட்டிலிருந்து ஒரு தயிர்க்கட்டியை எடுத்துக் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டான். கல் மாதிரி இருந்தது. கரைய நேரமாகும். ஒரு ஓரமாக ஒதுக்கிவைத்துக்கொண்டு கம்பைச் சுவரில் சாய்த்தான்.

விருந்தாளிகள் போனபிறகு, வெளிச்சம் இருக்கும்போதே புருல் மாட்டைக் கறக்கக் கிளம்பினாள். சிவப்புக் கவுனைக் கழற்றி, மாமாவின் வெள்ளைக் கவுனுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். சாமான்களைப் பழைய பேன்ட்டுக்கு மாற்றினாள். கொறட்டைத் துடைத்து அவன் முன்னால் வைத்தாள்.

"கவுன் நல்லாத்தான் இருக்கு. கை குளிரலை. ஆனா முட்டியில தட்டுது, ஓட முடியாது."

"ம்."

வலது பூட்ஸை மாட்டப் போனவள் அதைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். கொட்டிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அப்பா, பூட்ஸ்?"

எசென்குல் வாயில் இருந்த தயிர்க்கட்டியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளினான். "ம்" என்று ஆரம்பித்தது வாய். அதை நிறுத்தினான்.

"மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போலாம். நீயே போட்டுப் பாத்து எடு."

"முப்பத்தெட்டு எடுக்கலாம்," என்றாள் புருல். "முப்பத்தேழு இடிக்குது." வாளியை எடுத்துக்கொண்டு, ஈரக் காலோடு கொட்டகைக்குப் போனாள்.